திரும்பி வராத புறாவின் றெக்கை

புறாவை எடை போடுவது என்றால் நமக்கெல்லாம் சிபிச் சக்கரவர்த்திதான் நினைவுக்கு வருவார். அடைக்கலம் தேடி வந்த புறாவுக்கு ஈடாகத் தன் தசையை அரிந்து தராசில் வைத்தவர். பந்தயப் புறா வளர்ப்பவர்களுக்குத் தராசு தேவைப்படுவதில்லை. கையே தராசு. புறாவின் நெஞ்சு உள்ளங்கையில் இருக்கும். கால்கள் இரண்டும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பின்பக்கமாக நீண்டிருக்கும். கட்டைவிரல் முதுகை லேசாக அழுத்தியிருக்கும். இன்னொரு கையால் ஒரு றெக்கையை மெல்ல இழுத்தால் விசிறி மாதிரி விரியும். விரிந்த அந்த ஒரு நொடியில்தான் பெரும்பாலும் விலை முடிவாகிறது.

அந்த ஒரு நொடியை எவ்வளவு நம்பலாம்? திண்டுக்கல் நாகல்நகர் பக்கம் நாற்பது வருடமாகப் புறா வளர்க்கும் பெரியவர் ஒருவருக்கு இதில் தனிக் கருத்து உண்டு. பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தவர். சாவியின் பல்லை விரலால் தடவியே எங்கே தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். இறகையும் அப்படித்தான் தடவுவார். ஆனால், “இந்தப் புறா ஜெயிக்குமா?” என்று கேட்டால் மட்டும் பதில் வராது.

மூன்று பந்தயம், மூன்று புறா

தமிழ்நாட்டில் புறாப் பந்தயம் என்றால் பொதுவாக மூன்று வகை. ‘சாதா’ புறாவைக் காலையில் விட்டால், மணிக்கணக்கில் வானத்திலேயே நின்று பறந்துவிட்டுச் சொந்த மாடியில் இறங்க வேண்டும். நடுவர்கள் நேரம் குறிப்பார்கள். ‘கர்ணம்’ பறக்கும்போதே வானத்தில் குட்டிக்கரணம் அடிக்கும் புறா. எத்தனை கரணம் என்பதே கணக்கு. மூன்றாவது ‘ஹோமர்’. தூரத்து ஊரில் திறந்துவிட்டால் வீடு தேடி வரும் புறா இதுதான்.

ஹோமர் பந்தயத்தில் முதலில் வந்த புறாதான் முதல் பரிசு என்பதில்லை. ஒவ்வொருவர் வீடும் ஒவ்வொரு தூரத்தில் இருப்பதால், தூரத்தை நேரத்தால் வகுத்து நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்று வேகம் பார்க்கிறார்கள். முன்பு காலில் போட்ட ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கடிகாரப் பெட்டிக்குள் போடுவார்கள். இப்போது பல இடங்களில் வளையத்துக்குள் சிப் வந்துவிட்டது. புறா கூண்டு வாசலில் கால் வைத்ததும் நேரம் பதிவாகிவிடும்.

பந்தயம் மாறினால் பார்வையும் மாறும். கர்ணப் புறாவின் கரணம் பரம்பரையில் வருவது. றெக்கையை எத்தனை முறை விரித்தாலும் அது தெரியாது. ஹோமரில்தான் றெக்கைப் பார்வைக்கு மவுசு அதிகம்.

என்ன பார்க்கிறார்கள்?

புறாவின் றெக்கையில் வெளிப்பக்கம் பத்துப் பெரிய இறகுகள். காற்றைத் தள்ளி உடலை முன்னே கொண்டுபோவது இவைதான். உட்பக்கம் உடலை ஒட்டிப் பத்துப் பன்னிரண்டு இறகுகள். புறாவைக் காற்றில் தாங்கிப் பிடிப்பது இவற்றின் வேலை. வாலில் பன்னிரண்டு. வெளி இறகுகளை எண்ணும்போது றெக்கையின் நடுவிலிருந்து தொடங்க வேண்டும். உள் இறகுகளுக்குப் பக்கத்தில் இருப்பது முதல் இறகு. றெக்கையின் நுனியில் இருப்பது பத்தாவது.

கடைசி நான்கு இறகுகள் ஒடுக்கமாக, நடுவே காற்று புகும் இடைவெளியோடு இருந்தால் நெடுந்தூரம் போகும் என்பார்கள். உள் இறகுகள் அகலமாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, இடுப்பை மூடியிருந்தால் களைக்காது என்பார்கள். விரித்த றெக்கையை விட்டதும் ரப்பர் மாதிரி தானாக மடங்க வேண்டும். மூடிய வால் ஒரே இறகு போல ஒடுங்கியிருக்க வேண்டும். புறாவைக் கையில் பிடித்தால் பட்டுத்துணி மாதிரி வழுக்க வேண்டும். கீழே விட்ட பிறகு உள்ளங்கையில் மாவு போல வெண்தூள் ஒட்டியிருக்க வேண்டும்.

இதில் கடைசியாகச் சொன்ன தூளுக்குக் காரணம் உண்டு. புறாவின் உடம்பில் சில இறகுகள் பொடிப்பொடியாக உதிர்ந்து, மற்ற இறகுகளின் மேல் படிந்து பாதுகாக்கும். ஆரோக்கியமான புறா குளித்த தொட்டியில் பாலாடை மாதிரி வெண்படலம் மிதப்பது அதனால்தான். படலம் இல்லாவிட்டால் உடம்புக்கு ஏதோ சரியில்லை என்று பெரியவர் சொல்லிவிடுவார்.

இறகில் எழுதிய பட்டினி

பெரியவரின் விரல் அதிக நேரம் நிற்பது இறகின் குறுக்கே ஓடும் ஒரு மெல்லிய கோட்டில். தைத்த துணியில் ஒரு இழை விட்டுப்போனது மாதிரி இருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நன்றாகத் தெரியும். இறகு வளரும் நாளில் புறா பட்டினி கிடந்தாலோ, காய்ச்சலில் விழுந்தாலோ, மிரண்டு போனாலோ அன்றைக்கு வளர்ந்த பகுதி பலவீனமாகிவிடும். இறகு உதிரும்வரை அந்தக் கோடு மறையாது. இறகு ஒடிந்தால் பெரும்பாலும் அங்கேதான் ஒடியும்.

கோட்டை வைத்து எப்போது நடந்தது என்றுகூடச் சொல்லலாம். கூட்டில் இருக்கும் குஞ்சுக்கு எல்லா இறகும் ஒரே சமயத்தில் வளர்கின்றன. அப்போது தாய் தகப்பன் சரியாக ஊட்டாமல் போனால், அத்தனை இறகிலும் ஒரே வரிசையில் கோடு விழும். வளர்ந்த புறாவுக்கு அப்படி இல்லை. முதல் இறகில் தொடங்கி ஒவ்வொன்றாக உதிர்ந்து, பத்தாவது வரை புதிதாக மாறி முடிய ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். எந்த நேரத்திலும் ஒன்றிரண்டு இறகுதான் வளர்ந்துகொண்டிருக்கும். அதனால் வளர்ந்த புறாவின் கோடு ஒன்றிரண்டு இறகில் மட்டும், இரண்டு றெக்கையிலும் அநேகமாக ஒரே எண்ணில் இருக்கும்.

“இது நோட்டுப் புத்தகம் மாதிரி மாப்ள. புறா எழுதுறதில்ல, வளக்குறவன்தான் எழுதுறான்” என்பார் பெரியவர்.

12,000 ரூபாய் ஜோடி

அவர் ‘மாப்ள’ என்று அழைப்பது வடமதுரையிலிருந்து வரும் இளைஞனை. செல்போன் சர்வீஸ் கடையில் வேலை. வானத்தில் புறா வட்டமடித்தால் ரோட்டில் பைக்கை நிறுத்திவிடும் ரகம். ‘மாரி’ படம் வந்த 2015-இல் பள்ளிக்கூடப் பையன். ஒரு வருடச் சேமிப்பு 12,000 ரூபாய் கையில் இருந்தபோது, வாட்ஸ்அப்பில் ஒரு ஜோடி ஹோமரின் படம் வந்தது. விசிறியாக விரித்துப் பிடித்த றெக்கை. கீழே ‘சூப்பர் விங், லாங் டிஸ்டன்ஸ்’ என்று வர்ணனை. விலையும் சரியாக 12,000.

பணம் கொடுப்பதற்கு முன்னால் பெரியவரை அழைத்துக்கொண்டு போய்க் காட்டினான். அவர் ஆண் புறாவின் இடது றெக்கையை விரித்தார். பிறகு வலது. இரண்டிலும் ஏழாவது இறகில் கோடு. பெட்டைக்கு இறகில் ஊசி முனை அளவு ஓட்டைகள். அடி இறகை ஒதுக்கிப் பார்த்தால் மெல்லிய குச்சி மாதிரி இறகுப் பேன்கள் ஒளிந்திருந்தன. ஆனால் றெக்கை வடிவம்? விற்றவர் சொன்னது பொய்யில்லை. கடைசி நான்கு இறகும் கத்தி மாதிரி இருந்தன.

“என்ன மாமா, றெக்கை நல்லாத்தான இருக்கு?”

“றெக்கை நல்லா இருக்கு மாப்ள. வளத்த கைதான் நல்லா இல்ல.”

“வீட்டுக்கு வருமா?”

“அதை என்கிட்ட கேக்காத. அய்யலூர்ல கொண்டுபோய் விட்டு, புறாகிட்ட கேளு. அதுலயும் இந்த ஜோடியைக் கேக்க முடியாது. தொறந்து விட்டா வித்தவர் வீட்டுக்குத்தான் போகும்.”

புதிதாகப் புறா வாங்குகிறவர்கள் பலர் மறந்துபோகும் விஷயம் இது. வளர்ந்த ஹோமருக்கு வீடு என்பது அது முதலில் பறந்து பழகிய இடம். விலை கொடுத்து வாங்கியவரின் மாடி அல்ல. வாங்கிய ஜோடி கூண்டிலேயே இருந்து குஞ்சு பொரிக்க வேண்டியதுதான். பறக்கப்போவது அந்தக் குஞ்சுகள். ஆக, அவன் 12,000 ரூபாய் கொடுக்கவிருந்தது பந்தயத்தில் கலந்துகொள்ளவே முடியாத ஒரு றெக்கைக்கு.

பெரியவரின் நோட்டு

பெரியவருக்கு இந்த நிதானம் ஒரு நோட்டிலிருந்து வந்தது. ஆரம்பத்தில் அவரும் எல்லோரையும் போலப் பந்தயத்தில் வென்ற புறாவை வாங்கி, றெக்கையை விரித்து, ‘ஆகா, இடைவெளியைப் பார், அகலத்தைப் பார்’ என்று வியந்தவர்தான். பிறகு ஒருநாள் அவருக்கு ஒன்று உறைத்தது. எல்லோரும் பார்ப்பது திரும்பி வந்த புறாவின் றெக்கையை. வராத புறாவின் றெக்கை எப்படி இருந்தது என்று யாரும் எழுதி வைப்பதில்லை. வழியில் விழுந்த புறாவுக்கும் அதே இடைவெளியும் அதே அகலமும் இருந்திருக்கலாமே?

அன்றிலிருந்து புறாவைக் கூடையில் ஏற்றுவதற்கு முன்பே எழுதத் தொடங்கினார். வளைய எண், வயது, கடைசி நான்கு இறகு, உள் இறகு, தூள், கோடு, எந்த இறகு மாறிக்கொண்டிருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். வந்தால் நேரம் எழுதுவார். வராவிட்டால் ஒரு சிறு கோடு போடுவார்.

வருடங்கள் போகப் போக நோட்டு அவரிடம் இரண்டு சேதி சொன்னது. ‘முதல் தரம்’ என்று அவர் எழுதிய றெக்கைகளில் வராமல் போனவை நிறைய. ‘சுமார்’ என்று எழுதியவற்றில் வருடக்கணக்கில் தவறாமல் வந்தவையும் உண்டு. ஆகவே வடிவத்தை வைத்து வருமா வராதா என்று சொல்ல முடியவில்லை. ஆனால் வெளிப்பக்கத்து இறகு விழுந்து பாதி வளர்ந்த நிலையில் அனுப்பிய புறாக்களும், தூள் இல்லாமல் வறண்ட இறகோடு போனவையும் பெரும்பாலும் தாமதமாகத்தான் வந்தன, அல்லது வரவே இல்லை. அன்றைய உடல்நிலையைப் பற்றி றெக்கை சொன்னது சரியாகவே இருந்தது.

வீடு திரும்பும் வித்தை எங்கே?

காரணம் யோசித்தால் எளிதுதான். றெக்கை பறக்க உதவும். எந்தப் பக்கம் பறப்பது என்பதைத் தீர்மானிப்பது வேறு. சூரியன் இருக்கும் இடம், பூமியின் காந்தப் புலம், காற்றில் வரும் வாசனை, பழகிய அடையாளங்கள் என்று புறா பலவற்றைப் பயன்படுத்துவதாக ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் புறாவின் முதுகில் சிறிய ஜிபிஎஸ் கருவியைப் பொருத்திப் பார்த்து, பழகிய வழியில் பல புறாக்கள் நெடுஞ்சாலையைப் பார்த்தே பறக்கின்றன, சந்திப்பு வரும் இடத்தில் திரும்புகின்றன என்று 2004-இல் சொன்னார்கள். திருச்சி நான்குவழிச் சாலையை ஒட்டித் தன் புறாக்கள் வருவதைப் பார்த்திருக்கும் திண்டுக்கல்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

ஒடிசாவில் 1946-இல் காவல்துறை தொடங்கிய புறா அஞ்சல் 1999-இன் பெரும்புயலில் தொலைபேசியும் வயர்லெஸ்ஸும் செயலிழந்தபோது கைகொடுத்தது. அங்கே புறாவுக்கு ஒரே ஒரு தேர்வுதான். கடிதத்தோடு போய்ச் சேர்ந்ததா, இல்லையா?

பணம் கொட்டும் இடத்திலும் அதே கதைதான். 2020 நவம்பரில் பெல்ஜியத்தின் ‘நியூ கிம்’ என்ற இரண்டு வயதுப் பெட்டைப் புறா 16 லட்சம் யூரோவுக்கு, அதாவது அன்றைய மதிப்பில் சுமார் 14 கோடி ரூபாய்க்கு விலைபோனது. நடந்தது இணைய ஏலம். கேட்டவர்கள் சீனாவிலிருந்து கேட்டார்கள். றெக்கையைக் கையால் விரித்துப் பார்த்து விலை வைக்கவில்லை. பரம்பரையையும் பந்தயக் கணக்கையும் நம்பித்தான் கேட்டார்கள்.

அப்படியானால் றெக்கையை எதற்குப் பார்ப்பது?

வாங்குவதைவிட வளர்ப்பதற்குத்தான் அந்தப் பார்வை அதிகம் பயன்படும். வாரம் ஒருமுறை ஒவ்வொரு புறாவையும் கையில் எடுத்து றெக்கையை விரித்துப் பார்த்தால் போதும், கூண்டில் என்ன குறை என்று தெரிந்துவிடும். ஓட்டை இருந்தால் பேன் பார்க்க வேண்டும். இறகுக்குள் தட்டையான ஈ ஓடினால் உடனே விரட்ட வேண்டும். அந்தப் புறா ஈ ரத்தம் குடிப்பதோடு, மலேரியா போன்ற ஒரு நோயையும் பரப்பும். புதிதாக முளைக்கும் இறகின் தண்டில் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பிடித்து இழுத்தாலோ ஒடித்தாலோ ரத்தம் கொட்டும். ஓடிப் போகாமலிருக்க றெக்கை இறகைப் பிடுங்குகிறவர்களும் வெட்டுகிறவர்களும் உண்டு. பிடுங்கினால் சில வாரங்களில் முளைத்துவிடும். வெட்டினால் அடுத்த உதிர்ப்பு வரை மொட்டையாகவே கிடக்கும். பெரியவர் இரண்டையும் செய்வதில்லை. நூலால் லேசாகக் கட்டி வைப்பதோடு சரி.

தீனியும் இறகில்தான் தெரியும். இறகு முழுக்கப் புரதம். கம்பும் சோளமும் மட்டும் போட்டு வளர்த்தால் போதாது. பச்சைப்பயறும் கொண்டைக்கடலையும் கலக்க வேண்டும். பழைய செங்கல் பொடி, கிளிஞ்சல், சுத்தமான தண்ணீர், குளிக்க ஒரு தொட்டி, காலை வெயில். மழைக்காலத்தில் கூண்டுத் தரை ஈரமில்லாமல் இருக்க வேண்டும். வெளிப்பக்கத்துப் பெரிய இறகுகள் மாறும் மாதங்களில் தீனியைக் குறைத்தால், பந்தய நாளில் அது றெக்கையில் கோடாக வந்து நிற்கும்.

பொறுமையும் வேண்டும். ஒருமுறை பெரியவரின் நல்ல பெட்டை ஒன்றுக்குப் பந்தயத்துக்கு முந்தைய வாரம் ஒன்பதாவது இறகு பாதிதான் வளர்ந்திருந்தது. கூடவே புறா வளர்க்கும் நண்பர்கள் எல்லோரும் “அனுப்புங்க, அது சிங்கம்” என்றார்கள். அவர் அனுப்பவில்லை. வழியில் வல்லூறு உண்டு, பைரி உண்டு. கீழ்நோக்கிப் பாயும் பைரியின் பிடியிலிருந்து தப்பப் புறா ஒரே திருப்பில் விலக வேண்டும். அதற்கு நுனி இறகு முழுசாக வேண்டும். அந்த வருடம் பரிசு வேறு வீட்டுக்குப் போனது. பெட்டை அவர் மாடியிலேயே இருந்தது.

வடமதுரை இளைஞன் அந்த ஜோடியை வாங்கவில்லை. பெரியவரிடமே, பறக்கத் தொடங்காத ஒரு மாதக் குஞ்சுகள் நான்கை வாங்கிக்கொண்டான். அதில் ஒன்றின் றெக்கையில், கூட்டில் இருந்தபோது தாய் நோயில் விழுந்த நாளின் கோடு எல்லா இறகிலும் ஓடியது. “கேக்குறவன் விலையைக் குறைப்பான். நீ பயப்படாத. இந்த இறகெல்லாம் கொட்டிப் புதுசு முளைக்கும்போது நீ ஒழுங்கா தீனி போட்டா, கோடு இருக்காது” என்று சொல்லிக் கொடுத்தார்.

மாதங்கள் கழிந்து அவை பறந்து பழகின. முதலில் மாடியைச் சுற்றி, பிறகு ஐந்து கிலோமீட்டர், பிறகு அய்யலூர், அதன்பின் மணப்பாறை. மணப்பாறையில் விட்ட அன்று மூன்று புறாக்கள் வெயில் ஏறுவதற்குள் வந்து சேர்ந்தன. கோடு விழுந்திருந்த குஞ்சு இரண்டாவதாக இறங்கியது. நான்காவது அன்று இரவு வரை வரவில்லை. மறுநாளும் வரவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று அவன் வடகிழக்கைப் பார்த்தபடியே இருந்தான். அம்மா கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோய், தட்டை மாடிக்கே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் பெரியவருக்கு போன் செய்தான். “நோட்டுல எழுதினியா?” என்றுதான் அவர் முதலில் கேட்டார். அவன் நோட்டை எடுத்தான். விடுவதற்கு முன்பே எழுதியிருந்ததைப் படித்தான். கடைசி நான்கு இறகு: நல்லது. உள் இறகு: நல்லது. தூள்: நிறைய. கோடு: இல்லை. நான்கிலும் அழகான றெக்கை அதுதான். நேரம் எழுத வேண்டிய கட்டத்தில் ஒரு சிறு கோடு போட்டுவிட்டு, மற்ற மூன்றுக்கும் பயறு கலக்கப் போனான்.